கேடயத்தின் பின்பக்கம்: ரோமானியப் படைவீரன் அதை எப்படிப் பிடித்தான்?

ரோமானியப் போர்வீரன் ஒருவனை வரையச் சொன்னால் பள்ளிப் பிள்ளைகூட அந்தச் சிவப்புக் கேடயத்தை விட்டுவிடாது. கழுத்திலிருந்து முழங்கால் வரை மறைக்கும் வளைந்த செவ்வகம், அதன்மேல் சிறகுகளும் மின்னல் கீற்றுகளும், நடுவே புடைத்து நிற்கும் உலோகக் குமிழ். முன்பக்கம் எல்லோருக்கும் மனப்பாடம். அதே படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை வரையச் சொன்னால்தான் பென்சில் தயங்கும். பெரும்பாலோர் இரண்டு தோல் வார்களைப் போட்டு, ஒன்றில் முன்கையை நுழைத்து, மற்றொன்றை உள்ளங்கையில் கொடுத்துவிடுவார்கள். திரைப்படங்களிலும் பல நேரம் இதே கதைதான்.

அப்படிப் பிடித்தவன் கிரேக்கன். ரோமானியக் காலாட்படை வீரனின் கேடயத்துக்குப் பின்னால் கையை நுழைக்கும் வார் கிடையாது. நட்டநடுவில், குறுக்குவாட்டில், ஒரே ஒரு கைப்பிடி இருக்கும். அவ்வளவுதான். பார்க்க அற்பமான செய்தி போலத் தோன்றும். ஆனால் ரோமானியன் வாளை ஏன் வலது இடுப்பில் கட்டினான், கேடயத்தாலேயே எதிரியை எப்படி இடித்தான், ஈட்டி தைத்த கேடயத்தை ஏன் சிலர் போர் நடுவிலேயே கீழே போட்டார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த ஒரு சாண் கட்டையில்தான் தொடங்குகிறது.

இந்தக் கேடயத்துக்கு லத்தீனில் ஸ்கூட்டம் என்று பெயர். கிரேக்கர்கள் இந்த வகை நீண்ட கேடயத்தைத் 'துரியோஸ்' என்றார்கள். 'துரா' என்றால் அவர்கள் மொழியில் கதவு. கதவைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறான் என்ற வியப்பு அந்தப் பெயரில் இருக்கிறது.

கிரேக்கப் பிடி, ரோமானியப் பிடி

முதலில் கிரேக்கனைப் பார்த்துவிடுவோம். அவனுடைய வட்டக் கேடயம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்டது. கிண்ணம் போல உட்குழிந்தது. அதன் நடுவில் வெண்கலப் பட்டை ஒன்று வளையம் போல இருக்கும். இடது முன்கையை முழங்கை வரை அதனுள் நுழைக்க வேண்டும். விளிம்பருகே உள்ள கயிற்றையோ வாரையோ விரல்கள் பற்றிக்கொள்ளும். கேடயத்தின் மேல்விளிம்பைத் தோளில் சாய்த்துவிடலாம் என்பதால் பாரத்தில் ஒரு பகுதியைத் தோள் தாங்கும். நெருக்கமாகத் தோளோடு தோள் நிற்கும் அணிக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் முழங்கை எப்போதும் மடிந்தே இருக்க வேண்டும். கை நீளும் தூரத்துக்குக் கேடயம் நீளாது. முழங்கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கேடயமும் இருக்கும்.

ரோமானியப் பிடிக்கு நம்மூரில் கண்முன்னே ஓர் உவமை இருக்கிறது. கொத்தனார் சுவர்ப் பூச்சைத் தேய்க்கும் மணியாசுக் கட்டை. ஒரு பலகை, அதன் முதுகில் நடுவே ஒரு பிடி, அதைப் பற்றிய கை பலகையை முன்னால் அழுத்துகிறது. அந்தக் கட்டையை நான்கடி உயரத்துக்குப் பெரிதாக்கி, பிடியைக் குறுக்காகத் திருப்பி, கொஞ்சம் வளைத்துவிட்டால் ஸ்கூட்டத்தின் அடிப்படை கிடைத்துவிடும்.

வீரன் அந்தக் குறுக்குப்பிடியை மேலிருந்து பற்றினான். கை தொங்கும் நிலையில் உள்ளங்கை தன்னை நோக்கியும் புறங்கை எதிரியை நோக்கியும் இருக்கும். வாளியைத் தூக்கிச் செல்லும்போது கை எப்படி நீண்டு தொங்குகிறதோ, கிட்டத்தட்ட அதே நிலை. விரல்கள் கொக்கி போல வளைந்து பிடியில் மாட்டிக்கொள்ள, பாரம் நீட்டிய கை வழியாகத் தோளுக்குப் போய்விடுகிறது.

இது ஏன் முக்கியம் என்பதை உணர ஒரு பத்துக் கிலோ அரிசிப் பை போதும். அதைக் கையை நீட்டித் தொங்கவிட்டபடி தெருமுனை வரை நடக்கலாம். அதே பையை முழங்கையை மடித்து வயிற்றுக்கு நேராகப் பிடித்தபடி நில்லுங்கள். இரண்டு நிமிடத்தில் முன்கை நடுங்கத் தொடங்கும். நான் செய்து பார்த்தேன், இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. குடியரசுக் கால ஸ்கூட்டத்தை மறுபடி செய்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த எடை சுமார் 10 கிலோ. அதை நாள் முழுக்கத் தூக்கியாக வேண்டியவனுக்குத் தொங்கும் கைதான் வசதி.

ஏன் குறுக்கே? ஏன் நெடுக்காக இல்லை?

பிடி நெடுக்குவாட்டில் இருந்தால் கேடயம் அந்த அச்சில் சுழலும். விளிம்பில் ஒரு பலத்த அடி விழுந்தால் கதவு திறப்பது போலத் திரும்பி, பின்னால் இருப்பவனைக் காட்டிக்கொடுத்துவிடும். குறுக்குப்பிடியில் அந்த ஆபத்து குறைவு. பிடியைப் பற்றிய முஷ்டியின் முழு அகலமும் இடவலச் சுழற்சிக்கு எதிராக நிற்கிறது.

குறுக்குப்பிடியிலும் ஒரு சுழற்சி உண்டு. மேலேயோ கீழேயோ அடித்தால் கேடயம் முன்னும் பின்னும் சாயும். ஆனால் இந்தச் சாய்வைத் தடுக்க உடம்பே இருக்கிறது. மேல்பகுதி பின்னால் சாய்ந்தால் இடது தோள் தாங்கும், கீழ்ப்பகுதி உள்ளே வந்தால் முன்வைத்த இடது முழங்கால் தாங்கும். நீண்ட கேடயத்துக்குக் குறுக்குப்பிடி பொருந்துவதன் ரகசியம் இதுதான். தோளும் காலும் இலவசமாகக் கிடைத்த இரண்டு முட்டுக்கட்டைகள்.

எல்லாக் கேடயங்களும் இப்படியே இருந்தன என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகரில் இருந்த ரோமானியக் கோட்டையில் 1971-இல் கிடைத்த துணைப்படைக் கேடயம் ஒன்றின் பிடி நெடுக்காக இருந்தது. ரோமப் பேரரசு பல இனத்தாரைப் படையில் சேர்த்தது, அவர்கள் பழக்கமும் கூடவே வந்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்வது பெரும்பாலும் லெஜியன் எனப்படும் ரோமின் முதன்மைக் காலாட்படைகளின் ஸ்கூட்டம் பற்றியது.

குமிழுக்குள் ஒரு முஷ்டி

கேடயத்தின் நடுவே புடைத்து நிற்கும் குமிழை அழகுக்கு வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது கைக்கு ஒரு வீடு. பலகையின் நடுவில் ஓர் ஓட்டை வெட்டப்பட்டிருக்கும். அதன் குறுக்கே பிடி ஓடும். முஷ்டி அந்த ஓட்டைக்குள்ளேயே அடங்கும். அதை வெளியிலிருந்து மூடும் இரும்பு அல்லது வெண்கலக் கிண்ணம்தான் குமிழ். லத்தீனில் அம்போ என்பார்கள்.

ஓட்டை எதற்கு? ஓட்டை இல்லாமல் பலகைக்குப் பின்னால் பிடியை வைத்தால், விரல்கள் நுழைய இடம் விட்டு அதைப் பின்னோக்கித் தள்ளி வைக்க வேண்டும். அப்போது பாரம் முழுவதும் கைக்கு முன்னால் போய்விடும். கேடயம் சதா முன்பக்கம் கவிழப் பார்க்கும். ஓட்டைக்குள் கை நுழைந்துவிட்டால் பாரத்தின் மையமும் கையும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வருகின்றன. கேடயத்தின் வளைவும் இதற்கு உதவுகிறது. வளைந்த பலகையின் இரு பக்கங்களும் பின்னோக்கி வருவதால் எடை மையம் இன்னும் சற்றுக் கையை நோக்கி நகர்கிறது. யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டுச் செய்தது என்று சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தூக்கியவர்களின் மணிக்கட்டு சொல்லிக்கொடுத்த பாடமாக இருக்கும்.

குமிழ் ஒவ்வொருவருக்கும் சொந்தமாகவும் ஆனது. 1867-இல் இங்கிலாந்தின் டைன் ஆற்றில் ஒரு செவ்வகக் குமிழ்த் தகடு கிடைத்தது. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்டாம் அகஸ்டா லெஜியன், யூலியஸ் மாக்னுஸின் பிரிவைச் சேர்ந்த யூனியஸ் டுபிடாடுஸ் என்று அதில் பொறித்திருக்கிறது. ஆற்றில் அது எப்படி விழுந்ததோ, உடைமையாளன் என்ன ஆனானோ, பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எதனால் செய்தது?

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் ஸ்கூட்டத்தைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். அகலம் இரண்டரை அடி, நீளம் நான்கு அடி. பலகைகளை இரண்டு அடுக்காகப் பசையிட்டு ஒட்டி, மேலே முதலில் துணி, பிறகு கன்றுத்தோல் போர்த்துவார்கள். மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் இரும்புப் பட்டை. மேல்பட்டை வாள்வெட்டைத் தாங்க, கீழ்ப்பட்டை தரையில் ஊன்றும்போது தேயாமல் இருக்க. சங்கப் பாடல்களில் கேடயத்துக்கே 'தோல்' என்று பெயர் உண்டு என்பது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. மரமோ பிரம்போ எதுவானாலும் கடைசியில் அம்பை எதிர்கொள்ள மனிதன் நம்பியது மாட்டுத்தோலைத்தான்.

எழுத்தில் மட்டும் இருந்த இந்தச் செய்திக்கு மண்ணிலிருந்து சாட்சி கிடைத்தது 1900-இல். எகிப்தின் ஃபயூம் பகுதியின் வறண்ட மணலில் ஏறக்குறைய முழுதாக ஒரு கேடயம் வெளிவந்தது. நீளம் 128 சென்டிமீட்டர், அகலம் 63.5 சென்டிமீட்டர். முதலில் இதைக் கெல்டிக் கேடயம் என்று எழுதினார்கள். இன்று பலரும் குடியரசுக் கால ஸ்கூட்டம் என்றே கருதுகிறார்கள். பிர்ச் மரத்தின் மெல்லிய பட்டைகளை நெடுக்கும் குறுக்குமாக மூன்று அடுக்கு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், நம் கடைகளில் விற்கும் பிளைவுட். ஒரே பலகையாக இருந்தால் நார் ஓடும் திசையில் ஒரு கோடரி அடியில் பிளந்துவிடும். அடுக்குகளின் நார் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும்போது பிளவு பரவ வழி இல்லை. இதன் நடுப்பகுதி தடிமனாகவும் ஓரம் மெல்லியதாகவும் இருந்தது. நடுவில் வாற்கோதுமை மணி வடிவில் மரக்குமிழ், அதன் பின்னால் அதே குறுக்குப்பிடி.

பேரரசுக் காலத்தில் ஸ்கூட்டம் குட்டையானது, மேலும் கீழும் தட்டையாக வெட்டப்பட்டது, எடை குறைந்தது. இன்று நம் மனத்தில் இருக்கும் செவ்வக வடிவம் அப்போதுதான் வந்தது.

கை நீண்டால் என்ன ஆகிறது?

இனி சண்டைக்கு வருவோம். முன்கையோடு கட்டப்படாத கேடயம் கையின் முழு நீளத்துக்கும் போகும், வரும். முன்னால் தள்ளலாம், பக்கவாட்டில் வீசலாம், மேலே தூக்கலாம், சட்டென்று கீழே இறக்கித் தரையில் ஊன்றலாம். தொங்கும் கையில் புறங்கை குமிழை நோக்கியிருக்கும்; கையை முன்னால் நீட்டியதும் விரல்முட்டுகள் குமிழை நோக்கித் திரும்பும். அதாவது கேடயத்தை முன்னால் தள்ளுவது அப்படியே ஒரு குத்து. முஷ்டிக்கு முன்னால் இரும்புக் கிண்ணம், அதன் பின்னால் கேடயத்தின் எடை, அதற்கும் பின்னால் வீரனின் உடல் எடை.

இது என் ஊகம் இல்லை. பிரிட்டனில் கி.பி. 83 அல்லது 84-இல் மோன்ஸ் கிராவ்பியஸ் மலையில் நடந்த போரை விவரிக்கும் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ், படாவியத் துணைப்படையினர் கேடயக் குமிழால் இடித்து முகங்களைக் குத்தினார்கள் என்று எழுதுகிறார். எதிரே நின்ற பிரிட்டன்களிடம் சிறிய கேடயமும் முனையில்லாத நீண்ட வாளும் இருந்தன. நீண்ட வாளை ஓங்கி வீச இடம் வேண்டும். மூக்குக்கு நேரே குமிழ் வந்து நிற்கும்போது அந்த இடம் எங்கே இருக்கும்? கி.மு. 202-இல் நடந்த ஸாமா போரிலும் ரோமானியர் தோளாலும் குமிழாலும் எதிரியைத் தள்ளிக்கொண்டே முன்னேறியதாக இன்னொரு ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார்.

லிவி சொல்லும் இன்னொரு கதை இதைவிடச் சுவையானது. கி.மு. 361-இல் டைட்டஸ் மான்லியஸ் என்ற இளைஞன் பூத உடல் கொண்ட, 'கால்' (Gaul) எனப்பட்ட இனத்தைச் சேர்ந்த ஒருவனோடு தனிச்சண்டைக்குப் போகிறான். கையில் எடுத்தது காலாட்படைக் கேடயம். எதிரி ஓங்கி வெட்டிய வெட்டு ஓசையோடு வீணாகிறது. மான்லியஸ் தன் கேடயத்தால் எதிரியின் கேடயத்தைக் கீழ்ப்பகுதியில் மோதுகிறான். அந்த இடைவெளிக்குள் உடம்பை நுழைத்து, குறுவாளால் வயிற்றில் இரண்டு குத்து. கதைக்கு எத்தனை காது, எத்தனை மூக்கு ஒட்டப்பட்டிருக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் கீழே மோதினால் கேடயம் சாயும் என்பதைக் கதை சொன்னவன் அறிந்திருக்கிறான். நடுப்பிடிக் கேடயத்தின் பலவீனமான இடம் அதுதான், மேலே பார்த்த அந்த முன்பின் சாய்வு.

வாள் வலது இடுப்புக்குப் போனதற்கும் இதுவே காரணம். இடது பக்கத்தில் வாள் தொங்கினால் அதை உருவ வலது கை உடம்புக்குக் குறுக்கே போக வேண்டும். அங்கே நான்கடிப் பலகை நிற்கிறது. வாளை உருவுவதற்காகக் கேடயத்தை விலக்கினால், விலக்கிய அந்தக் கணமே கடைசிக் கணமாக முடியலாம். கிளாடியஸ் என்ற அந்த வாள் குட்டையானது என்பதால் வலது இடுப்பிலிருந்தே வலது கையால் மேல்நோக்கி உருவிவிட முடிந்தது. கேடயம் அசைய வேண்டியதே இல்லை.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கிடைத்த முதல் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பம் ஒன்றில் இந்த நிலை அப்படியே இருக்கிறது. முன்னால் நிற்பவன் கேடயத்தை முகத்துக்கு நேராக உயர்த்தி, குறுவாளைத் தாழப் பிடித்து, குத்துவதற்குக் குனிந்திருக்கிறான். அவன் பின்னால் இன்னொருவன் கேடயத்தை இன்னும் உயரத் தூக்கியிருக்கிறான்.

இப்படிக் கேடயம் அசைய இடம் வேண்டும். பொலிபியஸ் மாசிடோனிய அணியையும் ரோமானிய அணியையும் ஒப்பிடும்போது இதைத் துல்லியமாகச் சொல்கிறார். ரோமானியன் ஒவ்வொருவனும் வரும் அடிக்கு ஏற்பத் தன் கேடயத்தைத் தானே திருப்பிக் காத்துக்கொள்பவன். அதனால் பக்கத்து வீரனிலிருந்தும் பின்னால் நிற்பவனிலிருந்தும் அவனுக்கு மூன்றடி இடைவெளி தேவை. மாசிடோனியன் இரண்டு கையாலும் நீண்ட ஈட்டியைப் பிடித்து நெருக்கி நிற்பவன். கணக்குப் போட்டால் ஒரு ரோமானியனுக்கு எதிரே பத்து ஈட்டி முனைகள். நேருக்கு நேர் மோதினால் யார் வெல்வார் என்பதில் பொலிபியஸுக்குச் சந்தேகம் இல்லை, மாசிடோனியன்தான். ஆனால் மேடுபள்ளத்தில் அந்த அணி குலைந்தால் தனித்தனியே நின்று சண்டையிடத் தெரிந்தவன் ரோமானியன் மட்டுமே.

ஒற்றைப் பிடியின் விலை

ஒற்றைப் பிடிக்கு ஒரு பெரிய குறை உண்டு. கேடயத்தின் எடை சமநிலையில் இருக்கும்வரைதான் அது வசதி. எங்காவது ஓர் ஓரத்தில் புது எடை ஏறினால் அத்தனையும் மணிக்கட்டில் வந்து விழும்.

ரோமானியர் இதை எதிரிக்கு எதிராகவே பயன்படுத்தினார்கள். கி.மு. 58-இல் பிப்ராக்டே அருகே ஹெல்வெட்டியர் என்ற இனத்தாரோடு நடந்த போரைச் சீசர் எழுதியிருக்கிறார். ஹெல்வெட்டியர்களும் கேடயத்தைக் கையில் ஏந்தி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நெருக்கி நின்றார்கள். ரோமானியர் எறிந்த பைலம் என்ற எறியீட்டி ஒரே வீச்சில் இரண்டு மூன்று கேடயங்களைத் துளைத்துச் சேர்த்துத் தைத்துவிட்டது. இரும்பு வளைந்துகொண்டதால் பிடுங்கவும் முடியவில்லை. இடது கை சிக்கிக்கொள்ள, பலர் நெடுநேரம் கையை உதறிப் பார்த்து, கடைசியில் கேடயத்தைக் கைநழுவ விட்டு மறைப்பில்லாமல் சண்டையிடுவதே மேல் என்று முடிவு செய்தார்கள் என்கிறார் சீசர்.

ஐந்து ஆண்டு கழித்து அதன் மறுபக்கத்தை ரோமானியரே அனுபவித்தார்கள். கி.மு. 53, கார்ரே பாலைவெளி. பார்த்திய வில்லாளர்கள் குதிரையில் வட்டமிட்டு அம்பு பொழிந்தார்கள். ரோமானியத் தளபதி கிராசஸின் மகன் பப்ளியஸ் தன் வீரர்களை முன்னேறச் சொன்னபோது, கேடயத்தோடு சேர்த்து ஆணியடித்தது போல அம்பு தைத்த கைகளையும், தரையோடு தைத்த கால்களையும் அவர்கள் காட்டினார்கள் என்று புளுடார்க் எழுதுகிறார். கேடயம் கையைக் காக்கும் என்றுதான் மேலே சொன்னேன். குமிழுக்கு வெளியே பலகை மெல்லியதுதான்.

அடி வாங்கிக்கொண்டே நின்ற கேடயமும் உண்டு. கி.மு. 48-இல் டிராக்கியம் முற்றுகையில் ஸ்கேவா என்ற செஞ்சூரியனின், அதாவது நூற்றுவர் தலைவனின், கேடயத்தில் 120 துளைகள் எண்ணப்பட்டதாகச் சீசரின் குறிப்பு சொல்கிறது. எண்ணியவருக்கு நிறைய பொறுமை இருந்திருக்க வேண்டும்.

சண்டை இல்லாத நாட்களில்

ஒரு படைவீரன் தன் வாழ்நாளில் கேடயத்தை ஏந்திச் சண்டையிட்ட நேரத்தைவிட அதைச் சுமந்து நடந்த நேரம் பல மடங்கு அதிகம். பசையும் பட்டையும் சேர்ந்த பொருளுக்கு மழை பெரிய எதிரி. அடுக்குகள் ஊறினால் விரிந்துபோகும். அதனால் பயணத்தில் கேடயத்துக்கு ஆட்டுத்தோல் உறை போட்டார்கள். சுவிட்சர்லாந்தின் விண்டிஷ் நகரில் இருந்த விண்டோனிசா முகாமில் இத்தகைய உறைகளின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. குமிழ் வெளியே வரத் தனியாக இடம் விட்டுத் தைத்தவை. கி.பி. 113-இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணில் டான்யூபைக் கடக்கும் வீரர்களைப் பாருங்கள். தலைக்கவசம் தலையில் இல்லை, தொங்கிக்கொண்டிருக்கிறது. தோளில் ஒரு கழி, கழியின் நுனியில் மூட்டை முடிச்சு. இடது பக்கம் கேடயம். யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் தரும் பட்டியலில் ரம்பம், கூடை, கொத்து, கோடரி, அரிவாள், மூன்று நாள் உணவு எல்லாம் உண்டு. போர்வீரனைவிடச் சுமை கழுதைக்குத்தான் நெருக்கம் என்று அவரே கிட்டத்தட்டச் சொல்லிவிடுகிறார்.

இந்த உறை ஒருமுறை உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது. கி.மு. 57-இல் நெர்வியர் என்ற எதிரி இனத்தார் ஆற்றங்கரையில் திடீரென்று பாய்ந்தபோது தலைக்கவசம் அணியவும் கேடய உறையைக் கழற்றவும்கூட நேரமில்லை என்று சீசர் எழுதுகிறார். அவரே அன்று கேடயம் இல்லாமல் வந்திருந்தார். பின்வரிசை வீரன் ஒருவனிடமிருந்து கேடயத்தைப் பறித்துக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். ஒற்றைப் பிடிக் கேடயம் என்பதால் ஒரு கணத்தில் கைமாறியது. முழங்கையில் வார் கட்டிய கேடயமாக இருந்திருந்தால் அந்த வீரன் அவிழ்த்துத் தருவதற்குள் தளபதி பொறுமை இழந்திருப்பார் என்பது என் கற்பனை.

இத்தனை எடையைச் சளைக்காமல் பிடிக்கப் பயிற்சி வேண்டும். பிரம்பால் முடைந்த, உண்மைக் கேடயத்தைப் போல இருமடங்கு எடையுள்ள பயிற்சிக் கேடயத்தைப் புதியவர்களுக்குக் கொடுத்து, ஆறடி உயரமுள்ள நட்ட கம்பத்தோடு சண்டையிடச் செய்தார்கள் என்று வெஜீஷியஸ் எழுதுகிறார். வாளும் மரத்தால் ஆனது, அதுவும் இருமடங்கு எடை. தாக்கும்போது தன் உடம்பில் திறந்த இடம் எதுவும் தெரியாமல் தாக்கப் பழகுவதே அதில் முக்கியம்.

ஆமை அணியைப் பற்றிச் சொல்லாமல் போனால் வாசகர்கள் விடமாட்டார்கள். முன்வரிசையும் ஓரத்தவர்களும் கேடயத்தைச் சுவராக நிறுத்த, உள்ளே நிற்பவர்கள் தலைக்கு மேலே கூரையாகப் பரப்புவதுதான் அது. குறுக்குப்பிடியில் இது எளிது. கையை மேலே நீட்டிக் கேடயத்தைப் படுக்கவிட்டால் போதும், முஷ்டி தானாகவே குமிழுக்குள் மேல்நோக்கி இருக்கும். முன்கையில் கட்டிய கேடயத்தைத் தலைக்கு மேலே படுக்கவைக்க முழங்கையைத் திருகி மடிக்க வேண்டும். அந்தக் கூரைமீது மனிதர்கள் நடக்கலாம், குதிரையும் வண்டியும்கூடப் போகலாம் என்கிறார் காசியஸ் டியோ. வண்டி ஓடியதோ இல்லையோ, முற்றுகையில் மதில் கல்லுக்கும் அம்புக்கும் அடியில் போய்ச் சேர இது உதவியது. திறந்தவெளிச் சண்டையில் அடிக்கடி செய்யக்கூடிய காரியம் இல்லை. கூரை பிடித்தவன் வாளை எப்போது வீசுவான்?

காவல் பணியில் கேடயம் இன்னொரு பயனைக் காட்டியது. கி.மு. 168-இல் மாசிடோனியாவில் படைக்குத் தலைமை ஏற்ற ஏமிலியஸ் பவுலஸ், இரவுக் காவலர்கள் கேடயம் கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவிட்டார். காரணத்தை லிவி விவரிக்கிறார்: கேடயத்தை முன்னால் நிறுத்தி, எறியீட்டியில் சாய்ந்து, கேடய விளிம்பில் தலையை வைத்து நின்றபடியே தூங்கிவிடுகிறார்கள். தரையில் ஊன்றினால் தலை சாய்க்க ஏற்ற உயரத்தில் விளிம்பு வரும் பொருளைக் கையில் கொடுத்துவிட்டு இரவு முழுக்க நில் என்றால் வேறு என்ன நடக்கும்?

கடைசியில் மிஞ்சிய ஒன்று

கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் செவ்வக ஸ்கூட்டம் மெல்ல வழக்கொழிந்தது. நீள்வட்டக் கேடயங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. வாளும் நீண்டு ஸ்பாத்தா ஆனது, வலது இடுப்பை விட்டு இடது இடுப்புக்குப் போனது.

லட்சக்கணக்கில் செய்யப்பட்ட செவ்வக ஸ்கூட்டங்களில் இன்று உருவோடு இருப்பது ஒன்றே ஒன்று. சிரியாவில் யூப்ரடிஸ் நதிக்கரையில் இருந்த டூரா யூரோபோஸ் நகரம் கி.பி. 256-ஐ ஒட்டிப் பாரசீகச் சசானியர் முற்றுகையில் வீழ்ந்தது. அந்த இடிபாடுகளை யேல் பல்கலைக்கழகமும் பிரெஞ்சு அறிஞர்களும் சேர்ந்து அகழ்ந்தபோது, 1930-களில் துண்டுகளாக அது கிடைத்தது. உயரம் 105.5 சென்டிமீட்டர். மூன்று அடுக்கு மெல்லிய மரப்பட்டை. மொத்தத் தடிமன் ஐந்தாறு மில்லிமீட்டர்தான். சிவப்புப் பின்னணியில் கழுகும் சிங்கமும் சிறகு விரித்த வெற்றித் தேவதைகளும் இன்னும் தெரிகின்றன. குமிழ் காணாமல் போய்விட்டது. அதனால் அது இருந்த இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை மட்டும் திறந்து கிடக்கிறது. பின்பக்கத்தில் மரச்சட்டங்கள் ஓடுகின்றன. நடுவில் குறுக்கே போகும் சட்டம் ஓட்டைக்கு நேரே மட்டும் தடித்து, கைப்பிடியாக மாறுகிறது. யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்துக்குச் சொந்தமான அந்தக் கேடயத்தின் படத்தை அடுத்தமுறை பார்க்க நேர்ந்தால், கழுகைப் பார்த்து முடித்த பிறகு அந்த ஓட்டைக்குள் எட்டிப் பாருங்கள்.